நூற்றுக்கு எத்தனை கையெழுத்து?



எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர் முதலில் ஆசையோடு எழுதிப் பார்ப்பது தன் பெயரைத்தான். பெயரை எழுதத் தெரிந்ததும் கைநாட்டு மை தேவையில்லாமல் போகிறது. பிறகு பல இடங்களில் கையெழுத்துப் போடுகிறோம். கூலிப் பதிவேட்டில் போடுகிறோம். வங்கியில் பணம் எடுக்கும் சீட்டில் போடுகிறோம். பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் போடுகிறோம். மகளிர் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் போடுகிறோம்.

கையெழுத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பலர் ஒன்றுசேர்ந்து போட்டால், ஒரு கையெழுத்துத் தாள் ஊரில் தேர்தலையே வரவழைக்கும். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அல்ல இது. "இது நம் ஊருக்கு வேண்டுமா, வேண்டாமா?" என்று ஊர் மக்களே வாக்குப் போட்டு முடிவு செய்யும் தேர்தல். இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

மனுவில் இரண்டு வகை

மனு என்றால் எல்லாருக்கும் தெரியும். தெருவிளக்கு எரியவில்லை என்று மனுக் கொடுக்கிறோம். குடிநீர்க் குழாய் வேண்டும் என்று மனுக் கொடுக்கிறோம். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டாலும் அது மனுதான். ஆயிரம் பேர் போட்டாலும் மனுதான். வாங்கிக்கொண்ட அதிகாரி "பார்க்கலாம்" என்பார். முடிவு அவர் கையில் இருக்கிறது. இது வேண்டுகோள் மனு.

இரண்டாவது வகை வேறு. அதில் எத்தனை கையெழுத்து வேண்டும் என்று சட்டமோ விதியோ முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்த எண்ணிக்கை சேர்ந்துவிட்டால், அதிகாரி "பார்க்கலாம்" என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. கையெழுத்துகளைச் சரிபார்க்க வேண்டும். சரியாக இருந்தால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்கெடுப்பில் மக்கள் என்ன சொல்கிறார்களோ, அதன்படி நடக்க வேண்டும். இதை வாக்கெடுப்பு கோரும் மனு என்று சொல்லலாம்.

நம் நாட்டில் எல்லா விஷயத்துக்கும் இந்த முறை இல்லை. சில மாநிலங்களில், சில விஷயங்களுக்கு மட்டும் இருக்கிறது. அதில் முக்கியமானது மதுக்கடை.

கச்சாபலி ஊரின் கதை

ராஜஸ்தான் மாநிலத்தில் ராஜ்சமந்த் என்று ஒரு மாவட்டம். அங்கே கச்சாபலி என்று ஓர் ஊராட்சி. ஊரில் ஒரு சாராயக் கடை இருந்தது. கூலிப் பணம் கடைக்குப் போயிற்று. வீட்டில் அடியும் சண்டையும் மிஞ்சின. பெண்கள் கடை வேண்டாம் என்றார்கள்.

ராஜஸ்தானில் 1975ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு விதி எழுதப்பட்டிருந்தது. ஊர் வாக்காளர்களில் நூற்றுக்கு 20 பேர் கையெழுத்திட்டுக் கேட்டால், கடை வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடத்தலாம். மொத்த வாக்காளர்களில் நூற்றுக்கு 51 பேர் "வேண்டாம்" என்றால் கடையை மூட வேண்டும். விதி நெடுங்காலம் புத்தகத்தில் கிடந்தது. கச்சாபலிப் பெண்கள் அதைக் கையில் எடுத்தார்கள்.

2016 மார்ச் மாதம் வாக்கெடுப்பு நடந்தது. ஊரில் மொத்த வாக்காளர்கள் 2,886 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு 20 என்றால் 578 கையெழுத்து வேண்டும். நூற்றுக்கு 51 என்றால் 1,472 வாக்கு வேண்டும்.

வாக்குப் போட வந்தவர்கள் 2,039 பேர். கடையை மூட வேண்டும் என்று வாக்களித்தவர்கள் 1,937 பேர். வேண்டிய எண்ணிக்கையைவிட 465 வாக்குகள் அதிகம். கடை மூடப்பட்டது. அதன் பிறகு ராஜஸ்தானில் வேறு சில ஊர்களும் இதே வழியில் வாக்கெடுப்புக் கேட்டன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 578 கையெழுத்து கடையை மூடவில்லை. கடையை மூடியது 1,937 வாக்குகள். கையெழுத்து வாக்கெடுப்புக்கான கதவைத் திறந்து வைத்தது. கதவு திறந்த பிறகு ஊரே உள்ளே வர வேண்டியிருந்தது.

நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில்

இனி மகாராஷ்டிர மாநிலத்துக்கு வருவோம். அங்கே 2008ஆம் ஆண்டு அரசு ஓர் ஆணை போட்டது. கிராமத்திலோ நகரத்து வார்டிலோ உள்ள பெண் வாக்காளர்களில் நூற்றுக்கு 25 பேர் கையெழுத்திட்டுக் கேட்கலாம். அல்லது மொத்த வாக்காளர்களில் நூற்றுக்கு 25 பேர் கேட்கலாம். கேட்டால் ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். பாதிக்கு மேல் வாக்கு விழுந்தால் கடையை மூட வேண்டும். பல ஊர்களில் பெண்களே மனுக் கொடுத்தார்கள், பெண்களே வாக்களித்தார்கள்.

வாக்குச் சீட்டில் இரண்டு படங்கள் போட்டார்கள். ஒன்று, நிற்கும் பாட்டில். இன்னொன்று, படுத்துக் கிடக்கும் பாட்டில். கடை இருக்கட்டும் என்பவர்கள் நிற்கும் பாட்டிலுக்குப் போட வேண்டும். கடை போகட்டும் என்பவர்கள் படுத்த பாட்டிலுக்குப் போட வேண்டும். எழுத்துத் தெரியாதவருக்கும் இது புரியும். மராத்தியில் இந்தத் தேர்தலுக்கே "உபி பாட்லி, ஆட்வி பாட்லி" என்று பெயர் வந்துவிட்டது. நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில் என்பதுதான் அதன் பொருள்.

மனுக் கொடுத்தவுடன் வாக்கெடுப்பு வந்துவிடாது. முதலில் கையெழுத்துச் சரிபார்ப்பு நடக்கும். கலால் துறை அலுவலர்கள் வருவார்கள். கையெழுத்திட்ட பெண்கள் நேரில் வந்து, "இது என் கையெழுத்துதான்" என்று சொல்ல வேண்டும். பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எத்தனையோ மனுக்கள் இந்த இடத்தில்தான் நொண்டுகின்றன.

கணக்கு எங்கே தவறுகிறது?

ஒரு கணக்குப் போடுவோம். இது எடுத்துக்காட்டுக் கணக்கு. ஒரு வார்டில் 800 பெண் வாக்காளர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 25 என்றால் 200 கையெழுத்து வேண்டும். பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சரியாக 200 கையெழுத்து வாங்கினார்கள். மகிழ்ச்சியோடு மனுவைக் கொடுத்தார்கள்.

சரிபார்ப்பு நாள் வந்தது. 12 பேரின் பெயர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. 6 கையெழுத்து ஒரே ஆள் இரண்டாம் முறை போட்டது. 9 இடத்தில் அம்மாவுக்காக மகள் போட்டிருந்தாள். 13 பேர் அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், நேரில் வரவில்லை. ஆக 40 கையெழுத்து கழிந்தது. மீதி 160. மனு தள்ளுபடி.

பாடம் என்ன? 200 வேண்டுமானால் 260 வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், போகும்போதே வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். பட்டியலில் பெயர் எண்ணைப் பார்த்து, பக்கத்தில் எழுதிக்கொண்டு, பிறகு கையெழுத்து வாங்க வேண்டும்.

சரி, மனு நிறைவேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாக்கெடுப்பு நாளும் வந்துவிட்டது. 800 பேரில் 500 பேர் வந்து வாக்களித்தார்கள். படுத்த பாட்டிலுக்கு 390 வாக்கு. நிற்கும் பாட்டிலுக்கு 110 வாக்கு. யாருக்கு வெற்றி?

"இதில் என்ன சந்தேகம்? 390தானே பெரியது!" என்று தோன்றும். ஆனால் விதி என்ன சொல்கிறது? வந்தவர்களில் பாதி அல்ல, பட்டியலில் உள்ளவர்களில் பாதிக்கு மேல் வேண்டும். 800இல் பாதி 400. ஆகவே 401 வாக்கு வேண்டும். 11 வாக்கு குறைவு. கடை மூடப்படாது.

இங்கே தோற்கடித்தது யார்? கடையை ஆதரித்த 110 பேர் அல்ல. வீட்டில் இருந்துவிட்ட 300 பேர். இந்தத் தேர்தலில் வராதவர் நடுநிலையானவர் அல்ல. வராதவரின் வாக்கு நிற்கும் பாட்டிலுக்கே போய்ச் சேர்கிறது.

அந்த 300 பேரில் எல்லாரும் அலட்சியக்காரர்களும் அல்ல. சிலர் கல்யாணமாகி வேறு ஊர் போனவர்கள். சிலர் இறந்துபோனவர்கள். பட்டியலில் பெயர் மட்டும் இருக்கிறது. சிலர் பிழைப்புக்குப் போனவர்கள். மகாராஷ்டிரத்தில் பீட் போன்ற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆண்டுதோறும் கரும்பு வெட்டப் போகின்றன. மழைக்காலம் முடிந்து போனால் கோடையில்தான் திரும்புகின்றன. அந்த மாதங்களில் வாக்கெடுப்பு வந்தால் பாதி ஊர் வெளியே இருக்கும்.

ஆகவே மனு எழுதுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும். 18 வயது நிறைந்த பெண்ணின் பெயரைச் சேர்க்க 6ஆம் எண் படிவம் இருக்கிறது. இறந்தவர் பெயரை நீக்க 7ஆம் எண் படிவம் இருக்கிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கேட்டால் கிடைக்கும். படிவத்தை நிரப்ப எழுத்துத் தெரிந்தால் போதும். இங்கே கற்ற எழுத்துக்கு இதைவிட நல்ல வேலை வேறு வேண்டுமா?

ஏன் ஓர் எண்ணிக்கை?

"நியாயமான கோரிக்கைக்கு ஏன் இத்தனை கையெழுத்து? பத்துப் பேர் கேட்டால் போதாதா?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி.

பத்துப் பேர் போதும் என்றால் என்ன நடக்கும்? பக்கத்துக் கடைக்காரன் மேல் கோபம் கொண்ட ஒருவன், தன் சொந்தக்காரர் பத்துப் பேரைச் சேர்த்து மாதம் ஒரு வாக்கெடுப்புக் கேட்பான். ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் செலவு உண்டு. அலுவலர்கள் வர வேண்டும். காவலர்கள் வர வேண்டும். கூலி வேலைக்காரர் ஒரு நாள் கூலியை விட வேண்டும். உரிமக் கட்டணம் கட்டிய கடைக்காரருக்கும், அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் கூட நியாயம் என்று ஒன்று உண்டு.

அப்படியானால் ஊரில் பாதிப் பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைக்கலாமா? வைத்தால் யாரும் மனுவே கொடுக்க முடியாது. உரிமை புத்தகத்தில் மட்டும் இருக்கும். எண்ணிக்கை மிகக் குறைந்தால் தொல்லை. மிக உயர்ந்தால் உரிமை பறிபோகும். நடுவில் ஓர் இடத்தைச் சட்டம் தேடுகிறது. ஒவ்வோர் இடத்திலும் அது வேறு வேறாக இருக்கிறது.

மத்தியப் பிரதேசத்தில் ஊராட்சித் தலைவரைத் திரும்ப அழைக்கும் முறையைச் சட்டத்தில் சேர்த்தார்கள். அதற்கு கிராம சபை உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்ட அறிவிப்பு வேண்டும். பிறகு ரகசிய வாக்கெடுப்பு. அதில் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் "போகட்டும்" என்று சொல்ல வேண்டும். தலைவர் பதவியேற்று இரண்டரை ஆண்டு ஆவதற்கு முன் இதைத் தொடங்க முடியாது என்றும் வைத்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரை நீக்குவது பெரிய காரியம். ஆகவே கையெழுத்தும் கூடுதலாகக் கேட்டார்கள்.

வெளிநாட்டில் எப்படி? அமெரிக்காவில் கலிபோர்னியா என்று ஒரு மாநிலம். அங்கே நகர மக்களே ஒரு சட்டத்தை எழுதி, "இதை வாக்கெடுப்புக்கு விடுங்கள்" என்று நகராட்சியைக் கேட்கலாம். அதற்குப் பொதுவாக, பதிவு செய்த வாக்காளர்களில் நூற்றுக்கு 10 பேர் கையெழுத்திட வேண்டும். 20,000 வாக்காளர் உள்ள நகரம் என்றால் 2,000 கையெழுத்து. அதைச் சேர்க்க 180 நாள் கெடு. கையெழுத்திடுகிறவர் தன் பெயரையும் முகவரியையும் தானே எழுத வேண்டும். எழுத முடியாதவருக்கு வேறொருவர் எழுதித் தரலாம். ஆனால் அடையாளக் குறியை அவரே இட வேண்டும், ஒரு சாட்சி பக்கத்தில் கையெழுத்திட வேண்டும்.

அங்கே மனுவில் 500 கையெழுத்துக்கு மேல் இருந்தால், எல்லாவற்றையும் உடனே பார்ப்பதில்லை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போல, 500 கையெழுத்தையோ, நூற்றுக்கு 3 கையெழுத்தையோ, எது அதிகமோ அதை எடுத்துப் பார்க்கிறார்கள். வாக்காளர் பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுகிறார்கள். கணக்கு மிகக் குறைவாக வந்தால் மனு தள்ளுபடி. தாராளமாக வந்தால் மனு ஏற்பு. இரண்டுக்கும் நடுவில் இழுபறியாக இருந்தால் மட்டும் ஒவ்வொரு கையெழுத்தையும் பார்க்கிறார்கள்.

நாடு எதுவானாலும் கேட்கிற கேள்விகள் மூன்றுதான். கையெழுத்திட்டவர் அந்த ஊர் வாக்காளரா? அவரே போட்டாரா? ஒரு முறைதான் போட்டாரா?

கைநாட்டுக்கும் மதிப்பு உண்டு

"எங்கள் வீட்டுப் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர் மனுவில் சேர முடியாதா?" என்று கேட்கலாம். சேரலாம். 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பெயர் எழுத முடியாதவர் விஷயத்தில், கையெழுத்து என்றால் அவர் இடும் அடையாளமும் அதில் அடங்கும். பாட்டியின் கைநாட்டும் பேரனின் கையெழுத்தும் எண்ணிக்கையில் ஒன்றுதான். பாட்டிக்காகப் பேரன் கையெழுத்துப் போடுவதுதான் தவறு. அது பொய்க் கையெழுத்து. குற்றம்.

அப்படியானால் எழுதப் படிக்கக் கற்றதில் என்ன லாபம்? லாபம் கையெழுத்தில் இல்லை. கையெழுத்துக்கு மேலே இருக்கும் வரிகளில் இருக்கிறது. அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடிகிறதே, அதில் இருக்கிறது. கடையை மூடு என்று எழுதியிருக்கிறதா? கடையை வேறு தெருவுக்கு மாற்று என்று எழுதியிருக்கிறதா? இரண்டும் ஒன்றல்ல. "ரேஷன் அட்டைக்கு" என்று சொல்லி வாங்கிய கையெழுத்து வேறு எதற்கோ போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. வெற்றுத் தாளில் ஒருநாளும் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்பவர் எவ்வளவு வேண்டியவரானாலும் போடாதீர்கள். படிக்கத் தெரியாதவருக்கு மனுவை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, பிறகு மை டப்பாவை நீட்டுங்கள்.

பயம் எங்கே இருக்கிறது?

வாக்கு ரகசியம். யாருக்குப் போட்டோம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மனுவில் போடும் கையெழுத்து ரகசியம் அல்ல. தாளில் பெயர் இருக்கிறது. சரிபார்ப்பு நாளில் ஊர் பார்க்க வந்து நிற்க வேண்டும். கடைக்காரர் ஊரில் பெரிய ஆளாக இருக்கலாம். அவரிடமே கடன் வாங்கியிருக்கலாம். கணவனே அந்தக் கடைக்குப் போகிறவராக இருக்கலாம். "நீயும் போட்டாயா?" என்று இரவில் கேட்பார்.

ஆகவே கையெழுத்துப் போடாத பெண்ணைக் கோழை என்று யாரும் ஏசக் கூடாது. அவள் வாக்குச் சாவடியில் படுத்த பாட்டிலுக்குப் போடக்கூடும். நூறு பேரும் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. 20 பேரோ 25 பேரோ வெளிப்படையாக முன்வந்தால் போதும், மற்றவர்களுக்கு ரகசிய வாக்கு இருக்கிறது என்றுதான் சட்டம் சொல்கிறது. துணிந்தவர்கள் கதவைத் திறக்கிறார்கள். பயந்தவர்களும் அந்தக் கதவு வழியாக வரலாம்.

துணிந்தவர்களுக்கும் துணை வேண்டும். தனித்தனியாகப் போகாமல் தெருத் தெருவாகச் சேர்ந்து போனால் பயம் குறையும். மகளிர் குழுக் கூட்டத்தில் எல்லாரும் இருக்கும்போது கையெழுத்திட்டால், "யார் முதலில் போட்டது?" என்ற கேள்வியே எழாது. மிரட்டல் வந்தால் அன்றைக்கே எழுதி, காவல் நிலையத்தில் கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தும் சாராயமும்

எழுத்தறிவுக்கும் சாராயக் கடைக்கும் பழைய தொடர்பு உண்டு. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கியது. ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டத்தில் 1990இல் அறிவொளிப் பணி நடந்தது. அங்கே பாடப் புத்தகத்தில் சீதம்மா என்ற பெண்ணின் கதை ஒரு பாடமாக வந்தது. குடியால் கெட்ட குடும்பத்தின் கதை அது. துபகுண்டா என்ற ஊரில் பெண்கள் அந்தப் பாடத்தைப் படித்தார்கள். "இது நம் கதைதானே" என்றார்கள். ஊரில் சாராயம் விற்பதைத் தடுத்து நிறுத்தினார்கள். 1992இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. சாராய ஏலம் நடக்க முடியாமல் பெண்கள் மறித்தார்கள். 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது.

நெல்லூர்ப் பெண்கள் வீதியில் நின்று மறித்தார்கள். கச்சாபலிப் பெண்கள் விதியைப் படித்து, எண்ணிக்கையைச் சேர்த்து, வாக்குப் போட்டார்கள். இரண்டுக்கும் துணிவு வேண்டும். இரண்டாவதற்குக் கூடவே கணக்கும் பட்டியலும் வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கடையை மூடினால் குடி அடியோடு போய்விடாது. பக்கத்து ஊரில் கடை இருக்கும். திருட்டுச் சாராயம் தலைகாட்டும். வாக்கெடுப்பில் வென்ற பிறகும் ஊர் விழித்திருக்க வேண்டும். ஆனாலும் கடையை நாமே மூடினோம் என்று ஓர் ஊர் சொல்லும்போது, அடுத்த காரியத்துக்கு அந்த ஊரில் ஆள் சேர்ப்பது எளிது.

மனுக் கொடுக்கும் முன்

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலில், விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. விதிகள் மாறவும் செய்யும். கலால் துறை அலுவலகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ இப்போதைய விதியின் நகலைக் கேளுங்கள். வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம். தராவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள்.

இரண்டாவது, வாக்காளர் பட்டியலை வாங்குங்கள். சேர்க்க வேண்டிய பெயர், நீக்க வேண்டிய பெயர் எவை என்று பாருங்கள்.

மூன்றாவது, கணக்குப் போடுங்கள். எத்தனை கையெழுத்து வேண்டும், எத்தனை வாக்கு வேண்டும் என்று இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.

நான்காவது, மனுவின் ஒவ்வொரு தாளிலும் கோரிக்கையை மேலே எழுதுங்கள். கோரிக்கை ஒரு தாளிலும் கையெழுத்து வேறு தாளிலும் இருந்தால் சந்தேகம் வரும்.

ஐந்தாவது, பெயர், பட்டியல் எண், முகவரி, கையெழுத்து, தேதி என்று கட்டம் போட்டு வாங்குங்கள். வேண்டியதைவிடக் கூடுதலாக வாங்குங்கள்.

ஆறாவது, மனுவின் நகலை வைத்துக்கொண்டு, கொடுத்ததற்கு முத்திரையோடு ரசீது வாங்குங்கள்.

ஏழாவது, சரிபார்ப்பு நாளையும் வாக்கெடுப்பு நாளையும் வீடு வீடாகச் சொல்லுங்கள். வேலைக்கு வெளியூர் போனவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். வயதானவர்களை அழைத்துவர ஆள் வையுங்கள்.

நண்பர்களே, ஒரு பெயரை எழுத ஒரு நிமிடம் போதும். அந்தப் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். மேலே உள்ளதைப் படித்துவிட்டு எழுதியதாக இருக்க வேண்டும். எழுதியவரே வாக்கெடுப்பு நாளில் வந்து நிற்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கையெழுத்துக்கு எடை.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரிலோ வார்டிலோ எத்தனை வாக்காளர்கள்? அதில் பெண்கள் எத்தனை பேர்? நூற்றுக்கு 20, நூற்றுக்கு 25 என்றால் எத்தனை கையெழுத்து?

2. உங்கள் வீட்டில் 18 வயது நிறைந்த எல்லாருடைய பெயரும் பட்டியலில் இருக்கிறதா?

3. வந்தவர்களில் பாதியை எண்ணுவது நல்லதா? பட்டியலில் உள்ளவர்களில் பாதியை எண்ணுவது நல்லதா? ஏன்?

4. மதுக்கடை தவிர வேறு எந்த விஷயத்தில் ஊர் மக்கள் நேராக வாக்களித்து முடிவு செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?